ஒன்றரை மடங்கு வேகத்தில் சூப்பர்மேன்

கேள்வி: சூப்பர்ஹீரோ கதைகளை ஆடியோ புத்தகமாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பேட்மேன், மார்வெல், தனி நாவல்கள் என்று ஏகப்பட்டவை கிடக்கின்றன. கதை நடக்கும் கால வரிசைப்படி கேட்பதா, வெளிவந்த வரிசைப்படி கேட்பதா? ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கும் பழக்கம் இருப்பதால் எத்தனை இருந்தாலும் சீக்கிரம் முடித்துவிடுவேன். ஒரு பட்டியல் கொடுங்களேன். (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பட்டியல் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் அந்த ஒன்றரை மடங்கு வேகத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

1940 பிப்ரவரி 12 அன்று அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் தொடர் ஆரம்பித்தது. சூப்பர்மேன் ஊருக்குள் கிளார்க் கென்ட் என்ற சாதாரண ஆளாகத்தான் உலவுவார். காமிக்ஸில் அந்தக் கிளார்க்கின் மாறுவேடம் ஒரு மூக்குக்கண்ணாடி. வானொலியில் அதை யார் பார்ப்பது? பட் காலியர் என்ற நடிகர் அந்த வேலையைத் தொண்டையால் செய்தார். கிளார்க்குக்கு மெல்லிய, சற்றே உயர்ந்த குரல். சூப்பர்மேனுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். ‘இது சூப்பர்மேனுக்கான வேலை’ என்ற வசனத்தைக் கிளார்க்காகத் தொடங்கி, நடுவில் குரலை இறக்கி, சூப்பர்மேனாக முடிப்பார். சட்டையைக் கழற்றி, மேலங்கியை மாட்டிக்கொண்டு வரும் காட்சி மொத்தமும் அந்த ஒரு வசனத்துக்குள் முடிந்துவிடும். கேட்கிற பிள்ளைக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்போதைய செயலிகள் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும்தான் கூட்டுகின்றன என்று சொல்வீர்கள். சரி, சுருதி தப்பித்தது. குரல் இறங்க எடுத்துக்கொள்ளும் அந்த அரை நொடி என்ன ஆயிற்று? அதற்கு முன் விடும் மூச்சு என்ன ஆயிற்று? சில செயலிகளில் பேச்சுக்கு நடுவே இருக்கும் மௌனத்தையே வெட்டி எறிகிற வசதி வேறு இருக்கிறது. பேய்க்கதையிலும் துப்பறியும் கதையிலும் பாதி வேலையைச் செய்வது அந்த மௌனம்தான். இருட்டுச் சந்தில் ஒருவன் நிற்கிறான், பின்னால் காலடி ஓசை நிற்கிறது, ஒரு நொடி ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நொடியில்தான் பேட்மேன் இருக்கிறார். அதை வெட்டினால் மிச்சம் என்ன?

1994இல் பிபிசி ரேடியோ 1க்காக டர்க் மேக்ஸ் என்ற இயக்குநர் ‘நைட்ஃபால்’ என்ற பேட்மேன் கதையை நாடகமாக்கினார். ஒவ்வொரு அத்தியாயமும் சுமார் மூன்று நிமிடம். பாட்டு நிகழ்ச்சிக்கு நடுவே ஒலிபரப்பாக வேண்டும், கேட்பவர் அலைவரிசையை மாற்றிவிடக் கூடாது. அந்த மூன்று நிமிடத்துக்குள் வசனம், இசை, இடி, எலும்பு முறியும் சத்தம் எல்லாவற்றையும் அடுக்கினார். அடுத்த ஆண்டு அவர் செய்த ஸ்பைடர்மேன் தொடருக்கு ‘குயீன்’ இசைக்குழுவின் பிரையன் மே இசை தந்தார். ஒலியை இப்படி அங்குலம் அங்குலமாக இழைத்தவர்களின் வேலையை ஒன்றரை மடங்கில் ஓட்டுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பொருளாதார உரை கேட்கிறீர்களா, இரண்டு மடங்கில் கேளுங்கள். நாடகத்தை அதன் வேகத்தில் விடுங்கள்.

வேகத்தோடு சேர்ந்ததுதான் வரிசையும். கதைக் கால வரிசை என்ற கட்சிக்கும் எனக்கும் இந்தப் பக்கத்தில் பல வருடச் சண்டை. நாயகன் பிறந்த கதையில் ஆரம்பித்து மூப்பு வரை போக வேண்டும் என்பார்கள். வெளியான வரிசையை நான் சொன்ன ஒவ்வொரு முறையும் கட்டம் போட்ட அட்டவணைகளோடு கடிதம் வரும். பல வருடம் கழித்து எழுதப்பட்ட முன்கதை, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நம்பித்தான் எழுதப்படுகிறது. பேட்மேன் அறிமுகமானது 1939இல். அவருடைய முதல் வருடத்தைச் சொல்லும் ‘இயர் ஒன்’ வந்தது 1987இல். இந்த மனிதன் நாளை என்னவாகப் போகிறான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தக் கதையின் சுவையே அதில் இருக்கிறது. அட்டவணை நண்பர்கள் இதற்கு இன்றுவரை நேரான பதில் சொல்லவில்லை.

ஆனால் கேட்பதற்கு வெளியீட்டு வரிசை மட்டும் போதாது. கூட்டம் குறைந்த கதையில் தொடங்கிக் கூட்டம் நிறைந்த கதைக்குப் போக வேண்டும் என்பேன். காமிக்ஸில் ஒரே பக்கத்தில் ஐம்பது நாயகர்களை வரைந்துவிடலாம். சிவப்புச் சட்டை இவன், பச்சை மோதிரம் அவன் என்று கண் ஒரு நொடியில் பிரித்துக்கொள்ளும். காதுக்கு ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்தினால் யார் பெயராவது மனதில் நிற்குமா? அதே கதிதான். தவறவிட்டால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும் முடியாது. பதினைந்து நொடி பின்னால் தட்டித் தட்டிக் கதையின் உயிர் போய்விடும்.

ஆகவே உங்களுக்கு என் வரிசை இது. முதலில் பிராண்டன் சாண்டர்சனின் ‘ஸ்டீல்ஹார்ட்’, 2013. சக்தி கிடைத்தவர்கள் எல்லோரும் கொடியவர்களாகிப்போன உலகம். வங்கிக்குள் தன் அப்பாவைக் கொன்ற ஸ்டீல்ஹார்ட்டின் உடம்பிலிருந்து ரத்தம் கசிந்ததை எட்டு வயதில் பார்த்த பையன்தான் கதை சொல்கிறான். ஒரே ஆள் சொல்லும் கதை, ஒரே குரல். மெக்லவுட் ஆண்ட்ரூஸ் வாசித்திருக்கிறார். ஒரு குரல் பல ஆட்களாக மாறுவதைக் கவனிக்கக் காது இங்கே பழகிக்கொள்ளும். அதன் பிறகு ‘மைட்டோசிஸ்’ என்ற சிறுகதை, அடுத்து ‘ஃபயர்ஃபைட்’, கடைசியில் ‘கலாமிட்டி’. இதில் வெளியான வரிசையும் கதை வரிசையும் ஒன்றே என்பதால் யாருக்கும் சண்டையில்லை. சிறுகதையைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தாண்டாதீர்கள், சின்னதுதான்.

இரண்டாவதாக ‘பேட்மேன் அன்பரீட்’, 2022. பல நடிகர்கள் சேர்ந்து நடித்தது, வின்ஸ்டன் டியூக் பேட்மேன். இதில் புரூஸ் வெய்ன் பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர், தான்தான் பேட்மேன் என்ற நினைவே அவருக்கு இல்லை. முன்கதை தெரியாத உங்களுக்கும் அவருக்கும் நிலைமை ஒன்றுதான் என்பதால் புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் இல்லை. கோரம் அதிகம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். இதைத் தொடர்ந்து 2023இல் ரிட்லர் என்ற பேட்மேன் வில்லனை வைத்து வந்த தொடரைக் கேட்கலாம். இந்தியில் கேட்க விருப்பமென்றால் அமித் சாத் குரலில் இதே பேட்மேன் கதை இருக்கிறது.

மூன்றாவதாக மார்வெலின் ‘வேஸ்ட்லேண்டர்ஸ்’. வில்லன்கள் ஜெயித்து முப்பது வருடம் ஆன உலகில் நாயகர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். ஸ்டார்லார்ட், ஹாக்ஐ, பிளாக் விடோ, வுல்வரின், டூம் என்று ஐந்து தொடர்கள், எல்லோரும் சேரும் ஆறாவது கடைசியில். 2021, 2022 ஆகிய இரண்டு வருடத்தில் இந்த வரிசையில்தான் வந்தன. மாற்றவே மாற்றாதீர்கள். ஆறாவதில் ஒரு குரல் கேட்டதும் ‘ஆ, இவரா!’ என்று நீங்கள் எழுந்து உட்கார வேண்டும், அதற்காகத்தான் ஐந்தும். சூசன் சரண்டன் பேசும் பிளாக் விடோவை முகம் பார்க்காமல் கேளுங்கள். வயது என்பது குரலில் எப்படிப் படிந்திருக்கிறது என்று புரியும்.

‘இன்ஃபினிட் கிரைசிஸ்’, ‘52’ மாதிரிப் பிரபஞ்சமே இடிந்து விழும் கதைகளை, கிராஃபிக்ஆடியோ நிறுவனம் முழு நடிகர் கூட்டத்தோடு செய்தவற்றை, கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பில் குறையில்லை, ஆள் கூட்டம்தான் காரணம்.

உங்கள் பட்டியல் முடிந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. அந்தப் பழைய வானொலி சூப்பர்மேன்தான்.

கேட்பது படிப்பாகாது, ஆடியோ என்பது காமிக்ஸின் நிழல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு இன்னொரு பழைய வழக்கு இருக்கிறது. சூப்பர்மேனைச் சாய்க்கும் கிரிப்டனைட் எங்கே பிறந்தது? வானொலியில், 1943இல். காமிக்ஸுக்கு அது வந்தது 1949இல். கிளார்க் வேலை செய்யும் பத்திரிகையின் ஆசிரியர் பெர்ரி ஒயிட் முதலில் பேசியது வானொலியில். அதே பத்திரிகையில் வேலை பார்க்கும் இளைஞன் ஜிம்மி ஓல்சன் அந்தப் பெயரோடு உலவ ஆரம்பித்ததும் அங்கேதான். பேட்மேனும் அவருடைய துணைவன் ராபினும் 1945இலேயே சூப்பர்மேனின் வானொலித் தொடருக்குள் வந்துவிட்டார்கள். காமிக்ஸில் சூப்பர்மேனும் பேட்மேனும் ஒருவர் ரகசியத்தை மற்றவர் தெரிந்துகொண்ட கதை 1952இல்தான் வந்தது. எது எதற்கு நிழல்?

1946 ஜூன் மாதம் அந்தத் தொடரில் ‘கிளான் ஆஃப் தி ஃபயரி கிராஸ்’ என்ற 16 அத்தியாயக் கதை வந்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த லீ குடும்பம் சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபாலிஸில் குடியேறுகிறது. மகன் டாமி நன்றாகப் பந்து வீசுகிறான். சிறுவர் பேஸ்பால் அணியில் தன் இடம் போய்விட்ட சக் ரிக்ஸ் என்ற பையனுக்குப் பொறாமை. வீட்டுக்குப் போய் மாமாவிடம் புலம்புகிறான். அந்த மாமாதான் முகமூடி போட்டுக்கொண்டு சிலுவை கொளுத்தும் கும்பலின் தலைவர். கு க்ளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலை மனதில் வைத்து எழுதப்பட்ட கதை என்பது கேட்ட எல்லோருக்கும் தெரியும்.

இதில் விண்கலம் கிடையாது, வேற்றுக்கிரகவாசி கிடையாது. ஒரு பையனின் பொறாமை வெறுப்பாக எப்படிப் பழக்கப்படுகிறது என்பதை, பள்ளிவிட்டு வந்து வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்த அமெரிக்கப் பிள்ளைகளிடம் நாள்தோறும் கால் மணி நேரம் சொன்னார்கள். காலை உணவு விற்கும் நிறுவனத்தின் விளம்பரப் பணத்தில் சொன்னார்கள். மாமா பேசும்போது கூர்ந்து கேளுங்கள். சத்தம் போடுகிற வில்லன் குரலாக இல்லாமல், அக்கம்பக்கத்துப் பெரியவர் அன்பாகப் புத்திமதி சொல்வது போலப் பேசுகிறார். சக்கின் தயக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது நம் காதுக்குள் நடக்கிறது. படத்தில் முகமூடியைப் பார்த்தவுடன் கெட்டவன் என்று தெரிந்துவிடும். ஒலியில் முகமூடி தெரியாது, பேச்சைத்தான் எடைபோட்டாக வேண்டும். இந்தக் கதையை வானொலிக்காக எழுதியவர்கள் தங்கள் ஊடகத்தின் பலத்தை நன்றாகத் தெரிந்தவர்கள். ஜீன் லுவென் யாங் 2019இல் இதையே எடுத்துக் காமிக்ஸாக எழுதினார், அதுவும் அருமை. பழைய பதிவு இன்றும் கிடைக்கிறது. வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

தமிழ்க் காதுக்கு இது கஷ்டமும் இல்லை. வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். படத்தைப் பார்க்காமலே யார் அழுகிறார், யார் கதவைத் திறக்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்தவர்கள். நாகேஷ் வாயைத் திறந்த மறுகணம் அடுப்படியிலிருந்து சிரிப்புக் கேட்கும்.

ஒரு ஆதங்கம். சூப்பர்மேனாகப் பேசியவர் யார் என்பதைத் தொடரின் ஆரம்ப வருடங்களில் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். பட் காலியரின் பெயர் 1946இல்தான் வெளியே வந்தது. குழந்தைகளின் நம்பிக்கை கலைந்துவிடக் கூடாது என்ற ஒரு நியாயமாவது அப்போது இருந்தது. இன்று என்ன நியாயம்? பல செயலிகளில் எழுத்தாளர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், வாசித்தவர் பெயரைத் தேட நான்கு இடத்தில் தட்ட வேண்டும். துணைப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் பல நேரம் எங்கேயுமே இல்லை. பத்து மணி நேரம் என் காதுக்குள் குடியிருந்தவரின் பெயர் எனக்குத் தெரிய வேண்டாமா?

அட்டவணை நண்பர்கள் இந்த முறையும் எழுதுவார்கள், எழுதட்டும். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று கட்டம் போடும் இடத்தில், பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு யார் குரல் என்பதையும் நிரப்பி அனுப்புங்கள். அப்படி வரும் பட்டியல் எந்த வரிசையில் இருந்தாலும் அடுத்த இதழில் முழுதாகப் போடுகிறேன்.