ஊரும் சபையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (தருமபுரம்): எங்கள் பிரதேச செயலகம் கண்டாவளை. ஒழுங்கைக்குக் கிறவல் போட்டுத் தரும்படி அங்கே கடிதம் கொடுத்தோம். "இது சபையின் வேலை" என்று திருப்பிவிட்டார்கள். கண்டாவளைப் பிரதேச சபை எங்கே இருக்கிறது?

பதில்: கண்டாவளைக்கென்று தனியாக ஒரு பிரதேச சபை இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் நான்கு: கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி. பிரதேச சபைகள் மூன்றுதான். கண்டாவளைப் பிரிவு கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. முல்லைத்தீவிலும் செயலகங்கள் ஆறு, சபைகள் நான்கு. இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல என்பது தெரியாமல் மாதக்கணக்காக அலைகிறவர்கள் நிறையப் பேர். செயலகம் அரசின் நிர்வாக அலுவலகம். காணி அனுமதிப்பத்திரமும் வணிகப் பெயர்ப் பதிவும் அங்கே. சபை, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் மன்றம். உள்ளூர் வீதி, தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், நூலகம், கட்டட அனுமதி எல்லாம் சபையின் பொறுப்பு.

வீதி என்றாலும் எல்லா வீதியும் சபையுடையது அல்ல. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. உங்கள் ஊருக்குள்ளால் போகும் பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 அப்படியானது. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. அதற்குக் கீழுள்ள ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபைக்கு வரும். குளக்கட்டாலும் வாய்க்கால் கரையாலும் போகும் பாதை என்றால் பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிய குளத்துக்கு கமநல அபிவிருத்தித் திணைக்களம். சபை விரும்பினாலும் அவற்றில் அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது. ஆகவே முதலில் சபையின் உப அலுவலகத்துக்குப் போய், உங்கள் ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிறவலுக்கு முன்னர் பதிவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

கடிதத்தில் "வீதி மோசம்" என்று மட்டும் எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அது உதவாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீற்றர் நீளம், எவ்வளவு அகலம், எத்தனை குடும்பங்கள், எந்த இடத்தில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்கிறது, கிராம அலுவலர் பிரிவு எது என்று எழுதுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முத்திரையும் இருந்தால் நல்லது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மார்கழி (டிசெம்பர்) முடிவதற்குள் நிறைவேற வேண்டும் என்பதால், புரட்டாதிக்கு (செப்ரெம்பருக்கு) முன்னரே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேளுங்கள். கிறவலைப் பறித்துப் பரவி விட்டால் முதல் மாரியிலேயே அள்ளுண்டு போகும். 3 மீற்றர் அகல ஒழுங்கையில் நடுப்பகுதி ஓரங்களை விட 6 – 7 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும், இரு கரையிலும் வடிகான் வேண்டும், தண்ணீர் குறுக்கறுக்கும் இடத்தில் மதகு வேண்டும். கிறவல் ஈரப்பதமாக இருக்கும்போது உருளையால் இறுக்க வேண்டும். பணம் போதாதென்றால் நீளத்தைக் குறைத்து, மதகையும் வடிகானையும் சேர்த்துக் கேட்பதே புத்தி.

கேள்வி (அக்கராயன்): மலசலகூடக் கிடங்கு நிரம்பி, சபையின் கழிவகற்றும் பவுசருக்குக் காசு கட்டி மார்கழியில் இறைத்தோம். ஒரு கிழமையில் திரும்ப நிரம்பிவிட்டது. ஒழுங்காக இறைக்கவில்லையா?

பதில்: இறைத்தவர்களில் பிழை இல்லை, இறைத்த காலம்தான் பிழை. மார்கழியில் நிலத்தடி நீர் மேலே நிற்கும். வெறும் கல்லடுக்கிய கிடங்கு அப்போது ஒரு கிணறு போலத்தான். கழிவை எடுத்த இடத்தை ஊற்றுநீர் பிடித்துக்கொள்ளும். மாரி கழிந்து, பங்குனிக்குப் பிறகு இறைப்பியுங்கள். வயல் வாய்க்காலுக்குப் பக்கத்து வளவு என்றால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களையும் தவிர்க்க வேண்டும். ஈர நிலத்தில் கிடங்கை முழுதாக வெறுமையாக்குவதில் வேறு ஆபத்தும் உண்டு: வெளியே இருந்து தண்ணீர் தள்ளுவதால் கிடங்கின் சீமெந்து வளையம் வெடிக்கும், பிளாஸ்ரிக் தாங்கி என்றால் மிதந்து கிளம்பும்.

பவுசருக்கு முதலில் சபை அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும், பிறகு முறை வரும். கட்டணம் சபைக்குச் சபை வேறு. வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. வாகனம் வந்த பிறகு திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்தான்: படலை ஒடுக்கம், வளவு மண் புதையும், கிடங்கு குழாய்க்கு எட்டாத தூரம், மூடியைக் கண்டுபிடிக்க முடியாமை. விண்ணப்பிக்கும்போதே வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கிடங்குவரை அடிக்கணக்கைச் சொல்லிவிடுங்கள். மூடியை முதல் நாளே தோண்டி வெளியே எடுத்து வையுங்கள். பல ஆண்டு இறைக்காத கிடங்கில் அடிக்கழிவு கட்டிபட்டிருக்கும். முதல் நாள் பின்னேரம் சில வாளி தண்ணீர் ஊற்றி, வெளியே நின்றபடி நீண்ட தடியால் கலக்கி விட்டால் குழாய் இழுக்கும். அணையாடை, பம்பர்ஸ், துணி போட்ட கிடங்கில் குழாய் அடைத்துப்போகும்.

எந்தக் காரணத்துக்காகவும் கிடங்குக்குள் இறங்காதீர்கள், எவரையும் இறக்காதீர்கள், நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே தங்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை விழுத்தும்; தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார்.

புதிதாகக் கட்டுவதென்றால் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளிக் கட்டுங்கள். மணல் நிலத்தில் 100 அடி விட இடமிருந்தால் விடுங்கள். கிடங்கின் அடி, மாரிகால நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க மறக்க வேண்டாம்.

கேள்வி (மல்லாவி): சந்தித் தெருவிளக்கு எரியவில்லை. மின்சார சபைக்குச் சொல்வதா, பிரதேச சபைக்கா?

பதில்: தூணும் கம்பியும் மின்சார சபையுடையவை, விளக்கு பிரதேச சபையுடையது. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பிரதேச சபைக்கு அறிவியுங்கள். வீடுகளிலும் மின்சாரம் இல்லை, கம்பி தொங்குகிறது, தூண் சரிந்திருக்கிறது என்றால் மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு. தூணில் இலக்கம் எழுதியிருந்தால் அதையும், இல்லாவிட்டால் அருகிலுள்ள வீட்டின் மின்பட்டியல் கணக்கு இலக்கத்தையும் கொடுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி நகர்): வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடும் சோலைவரியில் கழிவு (தள்ளுபடி) உண்டு என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. முழு ஆண்டுக்குரிய வரியையும் ஜனவரி 31 இற்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டாகக் கட்டுகிறவர்களுக்கு, அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். பழைய நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டியிருக்கும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், கட்டட அனுமதிக்குப் போகும்போது கேட்பார்கள்.

கேள்வி (நெடுங்கேணி): கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியில் படுக்கின்றன, பகலில் பயிரைத் தின்கின்றன. சபை பிடிக்காதா?

பதில்: பிடிக்கலாம். சபை பிடித்து அடைக்கும் மாட்டை உரிமையாளர் தண்டப்பணமும் பராமரிப்புச் செலவும் கட்டி மீட்க வேண்டும். எவரும் வராவிட்டால் ஏலம் போகும். நடைமுறையில் அடைக்க இடமும், பிடிக்க ஆளும், தீனியும் வேண்டும். அதனால் தொடர்ச்சியாகச் செய்ய முடிவதில்லை. முறையிடும்போது எந்த இடம், எத்தனை மணி, ஏறத்தாழ எத்தனை மாடு, காதிலுள்ள அட்டை இலக்கம் என்ன என்று எழுதுங்கள். பயிரழிவு என்றால் அன்றே படமெடுத்து, கிராம அலுவலருக்கும் கமக்காரர் அமைப்புக்கும் அறிவித்து, பொலிசிலும் முறைப்பாட்டைப் பதியுங்கள். அடுத்த நாள் போனால் எவருடைய பட்டி என்று நிரூபிப்பது கடினம்.

பட்டிக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலபோக விதைப்புத் தொடங்கியதும் வயல் எல்லாம் மூடப்படும். காட்டோரத்துக்கும் போக முடியாது. மாரியில் ஈரமில்லாமல் படுக்கவும் நுளம்புக் கடி குறையவும் தார் வீதிதான் அகப்படுகிறது. மேய்ச்சல் தரையை அளந்து ஒதுக்குவது பிரதேச செயலகத்தின் வேலை. அதை விதைப்புக்கு முன்னான கமக்காரர் கூட்டத்திலேயே எழுப்புங்கள். அதுவரை மாட்டின் கழுத்தில் ஒளிதெறிக்கும் பட்டி கட்டினால் ஓர் உயிராவது தப்பும்.

கேள்வி (முல்லைத்தீவு): வெள்ளம் கிணற்றுக்குள் வந்துவிட்டது. யாரிடம் போவது?

பதில்: பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம். அவர் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தைச் சேர்ந்தவர். பொதுக் கிணறு என்றால் இறைக்கும் வேலையைச் சபையிடம் கேட்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சுற்றிவர நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள். கட்டு உள்ளே இடிந்து விழும். வெள்ளம் வடிந்து சில நாள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். எண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை உள்ளே தேங்கி ஆளைக் கொல்லும்.

கிருமி நீக்கப் போடும் குளோரின் தூளின் அளவுக்குத் தண்ணீரின் அளவு தெரிய வேண்டும். கிணற்றின் விட்டத்தில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14 ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் 1.5 × 1.5 × 3.14 × 2 = ஏறத்தாழ 14 கனமீற்றர்; அதாவது 14,000 லீற்றர். அந்தக் கணக்கைப் பரிசோதகரிடம் சொன்னால் வெள்ளத்துக்குப் பின்னான முதல் அளவை அவர் நிறுத்துத் தருவார். தூளை நேரே கொட்டாமல் வாளியில் கரைத்து, அடையவிட்டு, மேலே தெளிந்ததை ஊற்றி, வாளியால் அள்ளி அள்ளிக் கலக்குங்கள். பை திறந்து மாதக்கணக்கான தூளுக்குப் பலம் இராது. அடுத்த நாள் வரை அந்தத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம். பிறகும் குடிக்க மட்டும் கொதிக்க வைத்து ஆறவையுங்கள். உப்பும் புளோரைட்டும் இவை எதனாலும் நீங்கா.

கேள்வி (செட்டிகுளம்): 2024 இல் சபைக்குக் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. இனி என்ன செய்யலாம்?

பதில்: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்கள் இருக்கவில்லை, அலுவலகம் மட்டும் இயங்கியது. உங்கள் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். திகதியைக் குறிப்பிட்டுச் செயலாளருக்கு நினைவூட்டல் எழுதி, பிரதியைத் தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆவணம் இராது. "எனது இன்ன திகதிக் கடிதம் பதியப்பட்ட ஏட்டின் பக்கம், அதன்மேல் எழுதப்பட்ட குறிப்பு, தயாரித்த மதிப்பீடு ஆகியவற்றின் பிரதி" என்று கேளுங்கள்.