மொரீசியசில் ஜனவரி வகுப்பறை: புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். மதுரையில் இரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வை எழுதி முடித்த மகளுடன் மொரீசியசின் கத்ர் போர்ன் நகருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஜனவரியில் அவளை மறுபடியும் இரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே உட்கார வைக்கிறார்கள் என்றும், அரை ஆண்டு வீணாகிறதே என்றும், பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலும் அறியாத பிள்ளை முதல் வாரத்தை எப்படிக் கடக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து ஏழு வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தபோது எனக்கும் இதே கவலைதான் இருந்தது; ஆகையால் தெரிந்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த அரை ஆண்டை இழப்பாக எண்ண வேண்டாம். நம் ஊரில் ஜூனில் திறக்கும் பள்ளி இங்கே ஜனவரியில் திறந்து நவம்பரில் ஆண்டை முடித்துக்கொள்வதால், ஊரிலிருந்து வருகிற எந்தப் பிள்ளைக்கும் ஆறு மாதம் முன்னாலோ பின்னாலோ போகத்தான் செய்யும். கணக்கிலும் ஆங்கில எழுத்திலும் உங்கள் மகள் வகுப்பை விட முன்னால் நிற்பாள். ஆனால் பிரெஞ்சை முதல் வகுப்பிலிருந்தே படித்து வந்த பிள்ளைகளுக்கு நடுவில் அவள் ஓராண்டு பின்தங்கியிருப்பாள். கூட்டல் கழித்தலுக்குச் செலவிட வேண்டிய உழைப்பை அவள் பிரெஞ்சுக்குத் தரலாம் என்பதால் இந்த ஆறு மாதம் அவளுக்கு மிகவும் உதவும். மேல் வகுப்பில் சேர்க்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் வற்புறுத்த நினைத்தால், அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வற்புறுத்திச் சேர்த்தேன். அதன் விளைவாக என் மகன் அந்த ஆண்டு முழுவதும் பிரெஞ்சுப் பாட வேளைகளில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

இங்குள்ள வகுப்பறையில் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், ஆசிரியர் விளக்குவது பெரும்பாலும் கிரியோலிலும் பிரெஞ்சிலும் இருக்கும், விளையாட்டுத் திடலிலோ கிரியோல் மட்டுமே ஒலிக்கும். எனவே முதல் மாதத்தில் பிள்ளையின் காதுக்குத்தான் வேலை அதிகம். நான்கு தொடர்களை மட்டும் இப்போதே வீட்டில் பழக்கிவிடுங்கள்: புரியவில்லை என்பதற்கு 'மோ பா கொம்ப்ரான்', தாகமாக இருக்கிறது என்பதற்கு 'மோ ஸ்வாஃப்', கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதற்கு 'மோ ஆன்வி ஆல் த்வாலெட்', நானும் விளையாடலாமா என்பதற்கு 'மோ கபாவ் ஜ்வே'. கடைசித் தொடர்தான் மற்ற மூன்றையும் விடப் பெரிய வேலை செய்யும். பள்ளியில் பேசிய கிரியோலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கொச்சை மொழி என்று கடிந்துகொள்ளாதீர்கள். 2012 முதல் அது தொடக்கப்பள்ளிகளில் விருப்பப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பிரெஞ்சும் விரைவில் கைவரும்.

தமிழ்ப் பாடத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்கவில்லை. நான் கட்டாயம் சொல்ல வேண்டியதும் அதுதான். தினமும் ஒரு வேளையில் வகுப்பு கலைந்து, தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி என்று எடுத்திருக்கும் மொழிக்கேற்பப் பிள்ளைகள் வெவ்வேறு அறைகளுக்குப் போவார்கள். உங்கள் மகள் போகும் அறையில் கறுத்த முகமும் முருகன் பெயரும் கொண்ட பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவர்களுள் வீட்டில் தமிழ் பேசுகிறவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொண்டுவந்த கைவினைஞர்களின் வழியிலும், 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியிலும் வந்த குடும்பங்கள் அவை. கோயிலையும் காவடியையும் விடாமல் காத்தவர்களின் நாவிலிருந்து பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக நழுவிப்போனது. ஆகவே அங்கே தமிழ் என்பது மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிக்கும் பாடநூலைக் கொண்டு எழுத்து எழுத்தாகக் கற்கும் மொழி.

என் மகன் முதல் வாரத்திலேயே, ஆசிரியை 'வாளப்பளம்' என்று சொன்னபோது எழுந்து நின்று, "மிஸ், அது தப்பு, வாழைப்பழம்" என்று உரக்கத் திருத்திவிட்டான். அதை அவன் பெருமையாக வந்து சொன்னபோது நானும் முதலில் சிரித்தேன் என்பதை இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த அம்மையார் கோபப்படவில்லை. தம் பாட்டிக்குப் பிறகு தம் வீட்டில் ழகரத்தைச் சொல்லக் கேட்டதே இல்லை என்றும், புத்தகத்தில் எழுத்தைப் பார்த்துத்தான் கற்றதாகவும் சொன்னார். பிறகு, வெள்ளிக்கிழமைகளில் என் மகனை வகுப்புக்கு ஒரு சிறுகதை வாசித்துக் காட்டச் சொல்லலாமா என்று அவரே கேட்டார். அன்று முதல் அந்த அறையில் அவனுக்கு ஒரு வேலையும் மதிப்பும் கிடைத்தன. உங்கள் மகளும் அந்த வகுப்பில் சலிப்படைவாள். முதல் நாளுக்கு முன்பே அவளிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஆசிரியரிடமும் நீங்களே போய், அவளால் என்ன உதவி செய்ய முடியும் என்று கேளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டும் இங்கே விடுமுறைகளால் துண்டு துண்டாகப் போகும். தைப்பூசம் அரசு விடுமுறை. அதற்கு முந்தைய பத்து நாளும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சைவ உணவோடு விரதத்தில் இருப்பார்கள். சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிப்பு நாள், மகா சிவராத்திரி என்று அடுத்தடுத்து வரும். இதற்கிடையில் இது புயல் காலம். இரண்டாம் நிலை எச்சரிக்கை வந்தால் பள்ளிகள் மூடப்படும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயி வீதிகளில் கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைக் கண்டவர்கள் நாங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று அறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். இப்படி விட்டு விட்டு நடப்பதால், பிள்ளை பழகி நிலைகொள்ள மார்ச் 12, சுதந்திர தினக் கொடியேற்றம் வரை ஆகலாம். அதற்குள் மதிப்பெண்ணைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம். 'லெசோன்' எனப்படும் தனிப்பயிற்சியில் சேர்க்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் அவசரப்படுத்துவார்கள்; கீழ் வகுப்புகளுக்கு அதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

சீருடை, நோட்டு, அட்டை போன்றவற்றை பக்கத்து ஊரான ரோஸ்ஹில் கடைகளில் விலை பார்த்து வாங்கலாம். பாடப்புத்தகங்களைப் பள்ளியே தரும்.

இன்னும் ஒன்று. நம் ஊர் வழக்கப்படி தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்திருந்தால், இங்கே பதிவேட்டில் அதுவே குடும்பப் பெயராகி முன்னால் வந்து நிற்கும். முதல் நாள் வருகை எடுக்கும்போது ஆசிரியர் அப்பாவின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் அழைக்க, தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும். என் மகனை அன்று 'வரவில்லை' என்றே குறித்துவிட்டார்கள். சேர்க்கைத் தாளில் மகளின் பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறது என்று இன்றே பார்த்து, அதே வரிசையில் வீட்டில் நான்கைந்து முறை அழைத்துப் பழக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா