இறப்புச் சான்று: எந்த அலுவலகத்தில் கேட்பது?

தாலுகா அலுவலக ரெக்கார்டு ரூமில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இறப்புப் பதிவு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு, புதுச்சேரிப் பதிவுகள் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன்.

கேள்வி (விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம்): ஐயா, அப்பா ஜிப்மரில் இறந்தார். ஊருக்குக் கொண்டுவந்து இங்கேதான் அடக்கம் செய்தோம். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இந்த ஊர் முகவரியில்தான் இருக்கிறது. விஏஓ "என்னிடம் பதிவு இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார். வேண்டுமென்றே அலைக்கழிக்கிறாரா?

அவர் சொல்வது சரிதான், தம்பி. உயிர் எங்கே பிரிந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் இறப்பு பதிவாகும். சொந்த ஊர், ஆதார் முகவரி, தகனம் அல்லது அடக்கம் நடந்த இடம் எதுவும் கணக்கில் வராது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்த ஒன்று தெரியாமல் நடக்கிற அலைச்சல்தான் பாதிக்கு மேல்.

ஜிப்மர் இருக்கும் கோரிமேடு உழவர்கரை நகராட்சியில் வருகிறது. புதுச்சேரி என்றவுடன் புதுச்சேரி நகராட்சிக்குப் போய்விடாதீர்கள், அது வேறு அலுவலகம். மருத்துவமனையில் நடந்த இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனையுடையது, உங்களுடையது இல்லை. வீட்டில் இறந்தால்தான் குடும்பத் தலைவர் போய்ச் சொல்ல வேண்டும். உடலை வாங்கும்போது கொடுத்த சீட்டில் உள்நோயாளி எண் இருக்கும். அதையும் இறந்த தேதியையும் கொண்டுபோங்கள். ஊர் விஏஓவிடம் இன்னொரு முறை புதிதாகப் பதியச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே இறப்புக்கு இரண்டு பதிவு வந்துவிட்டால் அதில் ஒன்றை ரத்து செய்வது தனித் தலைவலி.

கேள்வி (திண்டுக்கல்): மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் ஆம்புலன்சிலேயே அம்மா இறந்துவிட்டார். இதற்கு எந்த ஊர்?

ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால், அதற்குப் பிறகு வண்டி முதலில் எங்கே நின்றதோ அந்த இடத்துப் பதிவாளர். ஆம்புலன்ஸ் நேராக மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்த மருத்துவமனை இருக்கும் எல்லை. "கொண்டுவரும்போதே உயிர் இல்லை" என்று அங்கே எழுதிக் கொடுத்த சீட்டையும் ஆம்புலன்ஸ் பயண விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இறந்து 21 நாள் தாண்டுவதற்குள் போய்விட்டால் கட்டணம் இல்லாமல் வேலை முடியும்.

கேள்வி (தஞ்சாவூர் மாவட்டம்): தாத்தா 1960-களில் இறந்தார். பட்டா இன்னும் அவர் பெயரில். வாரிசுச் சான்று கேட்டால் இறப்புச் சான்று கேட்கிறார்கள். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பாட்டி சொன்னதாக அத்தைக்கு ஞாபகம் இருப்பது "குரோதி வருஷம், ஆடி அமாவாசை" என்பது மட்டும்தான்.

மட்டும்தான் என்று சொல்லாதீர்கள் அம்மா, இதைவிட நல்ல தடயம் கிடையாது. வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். 2024 சித்திரையில் பிறந்தது குரோதி. அறுபதைக் கழித்தால் 1964. அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. திவசம் கொடுக்கிற வீடுகளில் ஆங்கிலத் தேதி மறந்திருக்கும், திதி மறந்திருக்காது. பழைய பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தால் தேதியை எடுத்துவிடலாம்.

திதி தெரியாதவர்கள் பத்திரங்களைப் பாருங்கள். தாத்தா இறந்தபின் அந்தச் சொத்திலோ பக்கத்து நிலத்திலோ பங்காளிகள் யாராவது பாகப்பிரிவினை, கிரயம் ஏதாவது எழுதியிருப்பார்கள். வில்லங்கச் சான்று போட்டால் ஆவண எண் கிடைக்கும், அதை வைத்து நகல் மனு செய்யலாம். முதல் பக்கத்திலேயே "நமது தகப்பனார் சுமார் மூன்று வருஷங்களுக்கு முன் காலஞ்சென்றுவிட்டபடியால்" என்று ஒரு வரி கிடக்கும். ஆண்டைக் குறுக்க அது போதும். பட்டாவில் பெயர் இருக்கிறதே, அப்போது உயிரோடு இருந்திருப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். இறந்து இருபது வருஷம் ஆனவர் பெயரில் யூடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பட்டா வந்த வீடுகள் நம் பக்கம் எத்தனையோ.

ஆண்டைக் குறுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பதிவேட்டில் பெயர்வாரி அட்டவணை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பதிவான வரிசையில்தான் போகும். தடித்த அட்டை, ஓரம் பொடியாக உதிரும் தாள், மங்கிய மசி. வரிசை எண், பதிந்த தேதி, இறந்த தேதி, பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, காரணம். காரணத்தில் பெரும்பாலும் "சுரம்" அல்லது "பேதி" என்று ஒரே சொல். தேடும் கட்டணமும் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான். "அறுபதுகளில் எப்போதோ" என்று மனு கொடுத்தால் காசும் போகும், தேடுகிறவருக்கும் மனசு வராது. ஆகஸ்ட் 7 என்று தெரிந்தால் ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்களைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கிராமத்தில் தகவல் சொல்லப் பல நாள் தாமதமாவது சகஜம்.

அந்தப் பதிவேடு இப்போது எங்கே? அன்றைக்குக் கிராம முன்சீப்தான் எழுதினார். பரம்பரை கிராம அதிகாரிகள் முறையை 1980-இல் ஒழித்த பிறகுதான் விஏஓக்கள் வந்தார்கள். கிராமப் பதிவேடு நடப்பில் இருக்கும்வரை விஏஓவிடம் இருக்கும், அப்புறம் தாலுகா அலுவலகம், பழையவை சார்பதிவாளர் அலுவலகம். 1964 என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குங்கள். தாலுகாக்களும் சார்பதிவகங்களும் பல முறை பிரிந்திருக்கின்றன. இன்றைக்கு உங்கள் கிராமம் எதில் வருகிறது என்பதைவிட, 1964-இல் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதுதான் முக்கியம். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டினால், "இந்தக் கிராமத்தின் 1964-ஆம் ஆண்டு இறப்புப் பதிவேடு எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது" என்று ஒரே ஒரு கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தங்களிடம் இல்லாத தகவல் என்றால், எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அதற்கு ஐந்து நாளுக்குள் மனுவை மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். சான்றைத் தகவல் உரிமையில் கேட்காதீர்கள், அதற்குத் தனி மனு இருக்கிறது.

தேடியும் இல்லை என்றால் வெறுங்கையோடு வராதீர்கள். பதிவு இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த படிக்கு அதுதான் சாவி. இறந்து ஓராண்டுக்கு மேல் ஆனதைப் பதிய இப்போது கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். ஆர்டிஓ என்றதும் வண்டி ஆபீசுக்குப் போய்விடாதீர்கள், வருவாய்க் கோட்டாட்சியர். முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனோமே, அந்த வேலைதான் இது. பதிவு இல்லை என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம், நான் சொன்ன பத்திர நகல், கருமாதிக் கடிதம், பழைய பென்ஷன் தாள், கல்லறைக் கல்லின் படம் என்று தேதி சொல்லும் எதையும் சேருங்கள். விஏஓ விசாரிக்க வரும்போது ஊரில் வயதானவர்கள் இரண்டு பேர் சொன்னால் நல்லது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1969 சட்டம் தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் அதற்கு முந்தைய இறப்புக்குச் சில அலுவலகங்களில் தயங்குவார்கள், "கோர்ட்டில் உத்தரவு வாங்கி வாருங்கள்" என்பார்கள். அப்படிச் சொன்னால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வக்கீலிடம் போகும்போது அது உதவும்.

கேள்வி (சேலம்): இறப்புச் சான்றில் மரணக் காரணம் இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். அலுவலகத்தில் விட்டுப்போனதா?

விட்டுப்போகவில்லை. பதிவேட்டில் காரணம் இருந்தாலும், வெளியே கொடுக்கும் சான்றில் அதைக் காட்டக் கூடாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் வேண்டுமென்றால் மருத்துவரின் இறப்புக் காரணச் சான்று, படிவம் 4, மருத்துவமனையில் கேட்க வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அதன் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுப்பது மருத்துவரின் கடமை. பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கை.

கேள்வி (சென்னை): எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டுமா?

வேண்டாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நடந்த இறப்பு என்றால் மாநகராட்சித் தளத்திலேயே பதிவிறக்கலாம். மற்ற ஊர்களில் 2018 முதல் பதிவானவை சிஆர்எஸ் என்ற அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில். அதற்கு முந்தையதற்குத்தான் நடை.

கேள்வி (மதுரை): சித்தப்பாவின் சான்றை நான் வாங்கலாமா? பிள்ளைகள் கொடுக்க மறுக்கிறார்கள்.

வாங்கலாம். பதிவேட்டில் தேடச் சொல்லிச் சான்று வாங்க யாருக்கும் உரிமை உண்டு. உறவு என்ன, எதற்கு என்று அலுவலகத்தில் கேட்பார்கள், மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி (சிவகங்கை): சான்றில் "அழகம்மாள்", பத்திரத்தில் "அழகாயி". திருத்த வேண்டுமா?

எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணவர் பெயர், ஊர், தேதி எல்லாம் ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடும். முதலில் அந்த அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கணவர் பெயரோ இறந்த தேதியோ தப்பு என்றால் விடாதீர்கள், 15-ஆம் பிரிவில் திருத்த மனு கொடுங்கள். மூலப் பதிவை அடித்து எழுத மாட்டார்கள், ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துக் கையெழுத்திட்டுத் தேதி போடுவார்கள். அதனால் இறந்தவர் உயிரோடு இருந்தபோது வாங்கிய ஆவணங்களைக் காட்டுங்கள். செத்த பிறகு பிள்ளைகள் எடுத்த காகிதத்துக்கு அங்கே மதிப்பு குறைவு.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): கணவர் ஒன்பது வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனார். எந்தத் தகவலும் இல்லை. ஏழு வருஷம் ஆனால் சான்று தானாகவே கிடைக்கும் என்கிறார்கள்.

தானாகக் கிடைக்காது அம்மா. வழக்கமாகத் தகவல் தெரிய வேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். பழைய சட்டத்தில் 108-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் 111. அதை உரிமையியல் நீதிமன்றம் அறிவிக்க வேண்டும், அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பதிவு. காவல் நிலையத்தில் அப்போதே புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீது, "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற அறிக்கை இரண்டையும் தேடி எடுங்கள். புகாரே கொடுக்கவில்லை என்றாலும் வழக்குப் போடலாம், சாட்சிகளைத்தான் கூடுதலாக நிறுத்த வேண்டியிருக்கும். வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

கேள்வி (ரீயூனியன் தீவு): எங்கள் முன்னோர் காரைக்காலிலிருந்து கப்பல் ஏறியவர்கள். ஊரில் தங்கிவிட்டவர்களின் இறப்புப் பதிவைத் தேட முடியுமா? குடும்ப மரம் எழுதுகிறேன்.

நம்மில் பலரைவிட நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்களில் எத்தா சிவில் என்ற பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு இருந்தது. கிராம முன்சீப் ஒரே வரியில் "சுரம்" என்று முடித்ததை, அங்கே ஒரு பத்தியாகவே பிரெஞ்சில் எழுதினார்கள். வந்து சொன்னவர் யார் என்பதும் இருக்கும். குடும்ப மரத்துக்கு அதுதானே வேண்டும். பழைய பதிவுகளின் பிரதிகள் பிரான்சில் எக்ஸான் புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். ஒரு பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 1881 ஆணைக்குப் பிறகு தங்கள் மத, சாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய தலைமுறையை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

முன்னோர் கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு இன்னொரு வழி. பங்குச் சாமியாருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். திருவிழா நேரத்தில் போனால் பார்க்க முடியாது.

கேள்வி (ராமநாதபுரம்): அண்ணன் துபாயில் இறந்தார், உடல் ஊருக்கு வந்தது. ஊரிலேயே இறப்பைப் பதிந்துவிட்டால் வேலை சுலபம்தானே?

செய்யாதீர்கள். அங்கே நடந்ததை இங்கே நடந்ததாகப் பதிவது பொய்த் தகவல், சம்பளப் பாக்கியும் இன்சூரன்சும் கேட்கும்போது அது உங்களையே மாட்டிவிடும். துபாய் அரசு கொடுத்த இறப்புச் சான்றுதான் மூலம். இந்தியத் துணைத் தூதரகத்தில் இறப்பைப் பதிந்து பாஸ்போர்ட்டை ரத்து செய்த பிறகுதான் உடலை அனுப்ப விட்டிருப்பார்கள். அந்தத் தாள்கள் உடலோடு வந்தவரிடமோ கம்பெனியிடமோ இருக்கும், முதலில் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அரபியில் இருந்தால் சான்றிட்ட மொழிபெயர்ப்பு சேர்த்து வாரிசுச் சான்றுக்கு அதையே கொடுக்கலாம்.