வீல் ஆர்ச்சுக்கும் காரின் அடிப்பகுதிக்கும் எந்த ஸ்ப்ரே வாங்கலாம்?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குத் தினமும் போய்வரும் 5 வருஷத்துக் கார். வாட்டர் வாஷ் முடிந்த பிறகும் வீல் ஆர்ச்சின், அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவின், உள்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. கடையில் மூன்று காட்டுகிறார்கள். ஒன்று பால் போல வெள்ளை, ஒன்று எண்ணெய் போலத் தெளிவு, ஒன்று கறுப்பு ஏரோசால் கேன். எதை வாங்கலாம்? அடியில் துருவும் பிடிக்கக் கூடாது.

பதில்:

பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதை வாங்குங்கள். எண்ணெய் பாட்டில் வேண்டாம். கறுப்பு கேன் வேறு வேலைக்கானது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் நான் எண்ணெய் பாட்டிலை வாங்கிப் பட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்குப் பொங்கலூர்ப் பக்கம். திருச்சி ரோட்டிலிருந்து இறங்கினால் தோட்டம் வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் இட்டேரி, வேலிக்கு நடுவே போகிற மண் தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் செம்மண். முன்னால் ஒரு டிராக்டர் போனால் பின்னால் வருகிறவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதுதான். இந்த மண்ணைச் சொல்லாமல் ஸ்ப்ரேயைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. இந்தச் சரக்கின் வீடியோக்களில் நான் பார்த்த கார்கள் எல்லாம் தார் ரோட்டிலிருந்து இறங்காதவை. நம் கார் அப்படி இல்லை.

நாலு வருஷம் முன்னால் ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி போவதற்காகக் காரைக் கழுவி, புதிதாக வாங்கிய தெளிவான ஸ்ப்ரேயை நாலு வீல் ஆர்ச்சிலும் கைக்கு எட்டிய அடிப்பகுதியிலும் தாராளமாக அடித்தேன். அடித்த அன்று பார்க்க வேண்டுமே, ஷோரூமிலிருந்து இறக்கிய மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது. ஆடி மாதக் காற்று நம் பக்கம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாய்க்கு நீங்கள் என்னைவிடப் பக்கம். கொடுமுடி போய்த் திரும்பி இட்டேரியில் ஏறி வீடு சேர்வதற்குள் அந்தக் கறுப்பு முழுக்கச் செம்மண். சும்மா படிந்த மண் என்றால் தட்டினால் உதிரும். இது அரைத்த சந்தனம் மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, காருக்குத் திண்ணை மொழுகுனாப்புல மொழுகி வெச்சிருக்கற?" என்றார். அதைக் கழுவி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

காரணம் எளிது. இரண்டு பாட்டிலிலும் பளபளப்பைக் கொடுப்பது பெரும்பாலும் சிலிகான் எண்ணெய்தான். அதை எதில் கலந்திருக்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தெளிவான பாட்டிலில் பெட்ரோலியக் கரைப்பான். அடித்ததும் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் ஈரமாகவே மேலே நிற்கும். பளபளப்பு அதிகம், மழைக்குத் தாங்கும், நாளும் கொஞ்சம் கூட வரும். ஆனால் ஈரமாக நிற்கிற எண்ணெயில் தூசி ஒட்டும். வெள்ளை பாட்டிலில் அதே எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். தண்ணீர் உலர்ந்ததும் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். பளபளப்பு அவ்வளவு இருக்காது, புது பிளாஸ்டிக்கின் மங்கிய கறுப்புதான் வரும். வீல் ஆர்ச்சுக்கு அதுதான் அழகு என்பது என் கட்சி. உள்ளே கிடக்கிற பிளாஸ்டிக் விளக்கு மாதிரி மின்னி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

லேபிளைப் படிக்க முடியவில்லை என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பால் ஊற்றிய மாதிரி கலந்துவிட்டால் தண்ணீர் வகை. மேலே எண்ணெயாக மிதந்தால் கரைப்பான் வகை. மூடியைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் வாடை வந்தால் டம்ளரும் தேவையில்லை.

அடுத்தது, நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் கேட்கிற அந்தக் கேள்வி: "ஏனுங்க, அடியில டீசல் அடிச்சு உட்டரலாங்களா?" தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) அம்பாசடர் வைத்திருந்தார். அதற்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அடுக்கி வைத்த இரும்புப் பட்டைகள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் எண்ணெய் இறங்கினால் சத்தம் குறையும், துருவும் அண்டாது. லாரிக்கும் ஜீப்புக்கும் அதே கதை. அன்றைக்கு அதில் அர்த்தம் இருந்தது. இன்றைய சின்னக் கார்களில் லீஃப் ஸ்பிரிங்கே கிடையாது, அடியில் பார்த்த பக்கமெல்லாம் ரப்பர். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ் (இரும்புப் பாகங்கள் இணைகிற இடத்தில் அதிர்வு தாங்கும் ரப்பர்), ஆக்ஸில் பூட் என்கிற ரப்பர் உறை, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையம். டீசல் பட்டுக்கொண்டே இருந்தால் இயற்கை ரப்பர் உப்பி இளகிவிடும். என் மச்சான் மாதம் தவறாமல் டீசல் அடித்தவர். 40,000 கிலோமீட்டரில் புஷ் மாற்றினார். டீசலால்தான் போனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அவர் ஓட்டுகிற ஓட்டமும் அப்படி. ஆனால் கழற்றிய புஷ்ஷைக் கையில் எடுத்தபோது களிமண் மாதிரி அமுங்கியது.

இதோடு சேர்த்து ஒரு வதந்தியையும் முடித்துவிடலாம். "சிலிகான் ரப்பரைக் கெடுக்கும்" என்று நிறைய பேர் சொல்வார்கள். இந்த ரப்பர்களைச் சிலிகான் எண்ணெய் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கெடுப்பது அதைச் சுமந்து வருகிற பெட்ரோலியக் கரைப்பான்தான், டீசல் செய்கிற அதே வேலை. வெள்ளை பாட்டிலுக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு இது இரண்டாவது காரணம்.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். மெகுயர்ஸ் ஹைப்பர் டிரெஸ்ஸிங் தண்ணீர் வகை. பெரிய கேனாக வாங்கினால் 1 பங்குக்கு 4 பங்கு வரை தண்ணீர் கலந்துகொள்ளலாம், தண்ணீர் கூடக் கூடப் பளபளப்பு குறையும். நான் வீல் ஆர்ச்சுக்கு 3 பங்கு கலக்கிறேன். கார்ப்ரோ பெர்ல் என்பதும் கலந்து அடிக்கிற வகைதான். 303 என்று நம்பரையே பெயராக வைத்த ஒன்றும் தண்ணீர் வகை. ஆனால் அதன் பெருமையே வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. வீல் ஆர்ச்சுக்குள் வெயில் எங்கே வரப்போகிறது? அந்தக் காசை டேஷ்போர்டுக்குச் செலவழியுங்கள். உங்கள் கடைக்காரர் காட்டியது இவற்றில் எதுவும் இல்லாமல் உள்ளூர் சரக்காக இருந்தாலும் பரவாயில்லை, டம்ளர் பரீட்சையில் தேறினால் போதும்.

இனி உங்கள் சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். அது பிளாஸ்டிக் வெளுத்துப்போனதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் போர் தண்ணீரில் கழுவுகிறவராக இருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலம் விடும். அதன் மேல் ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாள் மறையும், மறுபடி எட்டிப் பார்க்கும். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஏறும். அதனால் போரில் கழுவிவிட்டு, கடைசியாக ஆளுக்கு ஒரு சொம்பு என்பது போல ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டில் திட்டு விழும்தான். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது.

அடிக்கும் முன் மண்ணை முழுசாக எடுக்க வேண்டும். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கக் கரிசல் காட்டுக்குள் மழை நாளில் போய்வந்திருந்தால் உங்களுக்கே தெரியும், ஆர்ச்சின் உள் மடிப்பில் கை கொள்ளாத கட்டியாகச் சேர்ந்திருக்கும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கிற அந்தக் கட்டிதான் துரு முளைக்கும் இடம். விரலை விட்டுத் தோண்டி எடுங்கள் (தகரம் கூராக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்). கார் ஷாம்பூவும் தென்னை நார் பிரஷ்ஷும் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் முன் ஆர்ச்சின் பின்பாதி திறந்துகொள்ளும், அப்புறம் மறுபக்கம் ஒடித்தால் மீதி. ஜாக்கியில் தூக்கிவிட்டு மட்டும் காருக்கு அடியில் நுழையாதீர்கள். அடி முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால் பிட் (காருக்கு அடியில் ஆள் நின்று பார்க்கிற குழி) இருக்கிற கடைக்கு விடுங்கள்.

நன்றாக உலர்ந்த பிறகு, சைலன்சர் ஆறிய பிறகு, மெல்லிசாக ஒரு தடவை அடியுங்கள். பத்து நிமிஷம் கழித்து வழிந்து நிற்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் வகையையும் அளவுக்கு மீறி அடித்தால் அதுவும் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும்.

பிரேக் விஷயத்தில் விளையாட வேண்டாம். நான் கொடுமுடிக்கு அடித்த அன்று சக்கரத்தின் இடைவெளி வழியாக முன் பிரேக் டிஸ்க்கிலும் கொஞ்சம் பட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் இருந்து இறங்கிக் கேட் முன்னால் பிரேக் மிதித்தால் கார் நிற்க மனசில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரோட்டில் நடந்திருந்தால் என்ன என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. பிரேக் கிளீனர் போட்டு டிஸ்க்கைத் துடைத்தாயிற்று, எண்ணெய் குடித்த பிரேக் பேடை மாற்ற வேண்டியதாகிவிட்டது. அப்போதிருந்து டிஸ்க் பக்கம் ஒரு பழைய உரச் சாக்கைச் சொருகி மறைத்துவிட்டுத்தான் பாட்டிலையே தொடுகிறேன். டயரின் தரையில் படுகிற பாகத்திலும் படக் கூடாது.

பின் ஆர்ச்சுக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். சில கார்களில் ஆர்ச்சின் உள்பக்கத்தை மூடுகிற பிளாஸ்டிக் லைனருக்குப் பதிலாகக் கம்பளி மாதிரி ஒன்று இருக்கும், சத்தம் குறைப்பதற்காக. அதில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள், குடித்துவிட்டு மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில சின்னக் கார்களில் பின்னால் லைனரே இருக்காது, பூச்சு அடித்த தகரம்தான். அங்கேதான் உங்கள் துருக் கேள்வி வருகிறது.

வெள்ளை, தெளிவு இரண்டுமே அழகுக்கு மட்டும். துருவுக்கு மருந்து இல்லை. கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினாலும் நம்பாதீர்கள். கறுப்பு கேன் பெரும்பாலும் ரப்பர் கலந்த அண்டர்பாடி கோட்டிங்காக இருக்கும், காய்ந்தால் தடித்த தோல் மாதிரி நிற்கும். கம்பெனியிலிருந்து வரும்போதே அடியில் ஒரு பூச்சு இருக்கும். 5 வருஷத்தில் அது கல் பட்டுப் பெயர்ந்த இடங்களுக்கு மட்டும் இதை அடித்தால் போதும். அதையும் துருவைச் சுரண்டி, பிரைமர் வைத்து, உலர்ந்த தகரத்தின் மேல்தான் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேலோ மண்ணின் மேலோ அடித்தால் தோலுக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்த கதை, வெளியே அழகாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். கதவுக்குக் கீழே தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும், அவற்றை அடைத்துவிடாதீர்கள். சைலன்சர், ஆக்ஸில், பிரேக், சென்சார் பக்கம் படவே கூடாது.

நம் பக்கம் கடல் இல்லை, துருப் பயம் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் ராமேஸ்வரம், திருச்செந்தூர் போய்வந்தால் மறுநாளே அடியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். அப்புறம் ஒன்று, தோப்புக்காரர்களுக்கு மட்டும்: டிக்கியில் பொட்டாஷ் மூட்டை ஏற்றுவீர்கள்தானே? அதுவும் ஒரு வகை உப்புதான், பொட்டாசியம் குளோரைடு. சிந்தியது ஸ்டெப்னிக் குழியில் இறங்கி ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளிருந்தே அரிக்கும். எங்கள் பழைய காரில் முதலில் ஓட்டை விழுந்தது அங்கேதான், வீல் ஆர்ச்சில் இல்லை.

கார் எப்போதாவது டிங்கரிங், பெயின்டிங் வேலைக்குப் போனால் சிலிகான் ஸ்ப்ரே அடித்திருப்பதைப் பெயின்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது இருக்கிற இடத்தில் புதுப் பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். சொன்னால் முதலில் துடைத்து எடுத்துவிட்டு அடிப்பார். சொல்லாவிட்டால் இரண்டு தடவை அடிக்க வேண்டி வரும், அந்தக் கூலியையும் உங்களிடம்தான் கேட்பார்.