கண்ணுக்குத் தெரிகின்ற வரி

வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடிக்கு அண்மையில் உள்ள பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். அரசு சுருங்க வேண்டும், வரி குறைய வேண்டும், கொழும்பில் குவிந்திருக்கும் அதிகாரம் கீழிறங்க வேண்டும் என்று நீங்கள் பல வருடங்களாக எழுதி வருகிறீர்கள். 2019 டிசம்பரில் நீங்கள் கேட்டதைத்தானே செய்தார்கள்? வரியைக் குறைத்தார்கள், இரண்டரை வருடத்துக்குள் நாடு வங்குரோத்தாகியது. எரிவாயு வரிசையில் விடிய விடிய நின்ற எங்களுக்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

மாகாண சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் வேண்டும் என்றும் எழுதுகிறீர்கள். கொழும்புக்குக் கட்டுவது போதாதென்று மாகாண சபை இருக்கும் திருகோணமலைக்கும் நாங்கள் கட்ட வேண்டுமா? மானியங்களைக் குறை சொல்லும் நீங்கள், படுவான்கரையில் இருக்கும் உங்கள் வயலுக்கு உர மானியம் எடுப்பதில்லையா?

கடைசியாக ஒரு சொந்த விடயம். என் அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. அவருடைய நிலையான வைப்புக்கு மாதம் 13,000 ரூபா வட்டி வருகிறது. அதில் 1,300 ரூபாவை வங்கி வரி என்று கழித்துக்கொள்கிறது. இது சரியா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உர மானியம் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்து எனக்குத் தப்ப வழியில்லை. ஆம், எடுத்தேன். ஹெக்டயர் ஒன்றுக்கு 25,000 ரூபா என்ற கணக்கில், எனக்குள்ள மூன்றரை ஏக்கருக்குச் சுமார் 35,000 ரூபா வங்கிக் கணக்குக்கு வந்தது. அது வந்த அன்று கொள்கை பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை, யூரியாவின் விலையைத்தான் யோசித்தேன். 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, பெரும்போகம் தொடங்கிய பின்னர் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்று, படுவான்கரையிலும் சம்மாந்துறையிலும் பயிர் மஞ்சளித்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசிடமிருந்து கிடைத்ததை நட்டஈடு என்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் முழுமையானதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் புள்ளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

2019ஐப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. வற்றுக்குப் பதிவுசெய்ய வேண்டிய விற்பனை எல்லை, ஆண்டுக்கு 1 கோடி 20 லட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. வியாபாரப் புரள்வின் மீது அறவிடப்பட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் கழிக்கப்பட்டுவந்த உழைக்கும்போதே செலுத்தும் வரியும் நின்றது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதமளவில் இருந்த வரி வருமானம், 2021இல் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. கொவிட் நோயும் இடையில் வந்தது என்பதை மறுக்கவில்லை. இதே காலத்தில் செலவு எங்கே குறைந்தது? பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் அரச சேவைக்கு எடுக்கப்பட்டார்கள். வறிய குடும்பங்களிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு அரச வேலை என்று இன்னொரு திட்டமும் வந்தது. வரவுக்கும் செலவுக்கும் இடையில் விழுந்த பள்ளத்தை, திறைசேரி உண்டியல்கள் என்னும் அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களை மத்திய வங்கி வாங்கி அச்சிட்ட பணத்தால் நிரப்பினார்கள்.

என்னைப் பழமைவாதி என்று சொல்பவர்களோடு எனக்கு மனத்தாங்கல் இல்லை; தமிழில் அது ஒரு வசைச்சொல்லாக நின்றுவிட்டதே என்ற வருத்தம் மட்டும் உண்டு. என் பாட்டனார், களத்தில் சூடடித்து முடிந்தவுடன், இத்தனை அவணம் விதைநெல், இத்தனை அவணம் கடனுக்கு என்று முதலில் பிரித்து வைத்துவிட்டு, மிஞ்சியதைப் பார்த்துத்தான் வீட்டுச் செலவைப் பேசுவார். வருமானத்தை விட்டுக்கொடுக்க விரும்புகிறவன் அதற்கு முன்னர் செலவை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் நான் எழுதிவருவதன் சாரம். 2019இல் குறைக்கப்பட்டது வரி என்று எல்லோரும் நினைத்தோம். உண்மையில் வரியைத் தெரியாத இடத்துக்கு மாற்றிவைத்திருந்தார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம் என்று வந்தபோது அது வெளியே தெரிந்தது. அந்த வரியை எந்த நாடாளுமன்றமும் விவாதிக்கவில்லை, எந்த அமைச்சரும் வரவுசெலவுத் திட்டத்தில் வாசிக்கவில்லை. உங்கள் அம்மாவின் வைப்பின் மதிப்பில் பெரும்பகுதியைத் தின்றது அதுதான். இன்று வங்கி கழிக்கும் 1,300 ரூபா அதன் முன்னால் சிறிது. அரசின் கடன் பத்திரங்களை மத்திய வங்கி நேரடியாக வாங்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுத்திருப்பது, அண்மைக் காலத்தில் நான் மனமார வரவேற்ற ஒரே சட்டம்.

செலவு என்று வரும்போது, நம்மவர்கள் ஸ்ரீலங்கன் விமான சேவையின் நட்டத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அது தூரத்துச் சங்கதி, சொல்வது இலகு. எனக்குச் சொல்லக் கடினமாக இருப்பது வாழைச்சேனைக் காகித ஆலை. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் விதை போடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கிய ஆலை அது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாயிலால் வேலைக்குப் போன இடம். அது நின்றும் ஓடியும் கிடந்த வருடங்களில் அதன் சுமையை ஏற்றது திறைசேரி. அதை மூடு என்று எழுத என் கை வருவதில்லை. இப்படியே நடத்து என்று எழுதவும் மனம் ஒப்பவில்லை. அம்பாறையில் ஹிங்குரான சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டு, பின்னர் அரசும் தனியாரும் பங்காளிகளாகச் சேர்ந்து மறுபடி ஓடத் தொடங்கியதைப் பார்க்கும்போது, அந்த வழியையாவது முயன்றிருக்கலாமே என்று தோன்றும்.

இனி, ஏன் வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு வருகிறேன். சென்ற கிழமை செங்கலடிச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடையில் சவர்க்காரம், பற்பசை, சலவைத்தூள், இரண்டு மின்குமிழ்கள் வாங்கினேன். கடைக்காரர் சிகரெட் பெட்டி அட்டையின் உட்புறத்தில் விலைகளை எழுதிக் கூட்டி 1,475 ரூபா என்றார். அதில் வரி என்று ஒரு சொல்லும் இல்லை. 2024 ஜனவரியில் வற் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாவாக்கப்பட்டது. அவருடைய கடை அதன் அருகில்கூட வராது. ஆனால் தொழிற்சாலையும் மொத்த விநியோகஸ்தரும் பதிவுசெய்தவர்கள். அவர்கள் சேர்த்த 18 சதவீதம் அந்த விலைக்குள்ளேயே படுத்திருக்கிறது. கடைக்காரரின் இலாபம் பத்துக்கு ஒன்று என்று கழித்துப் பார்த்தாலும் 200 ரூபாவுக்கு மேல் வற் வருகிறது; நீங்கள் கணித ஆசிரியர், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இந்தச் சவக்காரம் போன மாசம் இந்த விலை இல்லையே மகன்" என்று கடைக்காரரைத்தான் ஏசினார். அவர் என்ன செய்வார், பாவம். வற் சதவீதம் 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியதும், அதே ஜனவரியில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் இருந்த விலக்கு எடுக்கப்பட்டதும் அந்த அட்டையில் எழுதப்படுவதில்லை.

வெள்ளைக்காரன் காலத்து வரிகள் கொடியவைதான், ஆனால் தெரிந்தவை. 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி போட்டபோது மாத்தளையிலும் குருநாகலிலும் சனம் கிளர்ந்தெழுந்தது. வரிகளில் பல கைவிடப்பட்டன, ஆளுநர் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார். நெல்வரியை ஒவ்வொரு வயல்காரனும் தன் களத்திலேயே உணர்ந்தான்; பல வருட எதிர்ப்புக்குப் பின்னர் 1892இல் ஆளுநர் ஹவ்லொக் அதை நீக்கினார். சவர்க்காரத்துக்குள் இருக்கும் வரிக்கு எதிராக யார் ஊர்வலம் போவது?

மாகாண வரி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. கொழும்புக்கும் கட்டி திருகோணமலைக்கும் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாகாணம் எதை எடுக்கிறதோ அதை மத்தி விட வேண்டும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைகளுக்கு, விற்பனைத் தொகை மீதான புரள்வு வரி விதிக்கும் அதிகாரம் கிடைத்தது. 2011இலிருந்து அந்த வரி நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக மத்தி அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்று ஏற்பாடாகியது. சொந்தக் கிணற்றை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுக்கச் சம்மதித்தோம். 2019 டிசம்பரில் நீங்கள் குறிப்பிடும் அதே வரிக்குறைப்பில் அந்த வரியே இல்லாமற் போனபோது, நமது மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து போயிற்று. அதற்காக ஒருவரும் குரல் எழுப்பவில்லை. எழுப்புவதற்குச் சபையே இருக்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை அந்த வருடமே கொண்டுவந்தவர்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்கும் விழாமல் தோற்கடித்தார்கள். தேர்தல் அந்தச் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ள, நிர்வாகம் ஆளுநரின் கையில் போனது.

வரிக்குறைப்பு எல்லாமே அதிகாரத்தைக் கீழே கொண்டுவரும் என்று என் பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பதும் பிழை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தவர்கள் 1978இல் வாக்களித்து, காணி வீட்டு வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தினார்கள். உரிமை கைமாறும் வரை மதிப்பீடு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது என்றார்கள். உலகெங்கும் உள்ள வரி எதிர்ப்பாளர்கள் அதைக் கொண்டாடுவார்கள். ஆனால் ஊர்ப் பாடசாலைகள் அந்த வரியில்தான் பெரிதும் நடந்தன. பணம் குறைந்தவுடன் மாநில அரசு தலையிட்டு நிதி கொடுத்தது. கொடுத்த கைக்கு அதிகாரமும் போனது.

ஊர் மட்டத்தில் நான் கண்டதையும் சொல்கிறேன். ஒவ்வொரு ஜனவரியும் 31ஆம் திகதிக்கு முன்னர், வீடு வளவுக்காக உள்ளூராட்சி மன்றத்துக்குச் செலுத்தும் சோலை வரியை வருடம் முழுவதற்கும் ஒன்றாகக் கட்டி 10 சதவீதக் கழிவு பெறுவது என் வழக்கம். எல்லா வரிகளுக்குள்ளும் நான் மனக்கசப்பின்றிக் கட்டுவது அது ஒன்றுதான். பற்றுச்சீட்டோடு வெளியே வந்தால் அந்தப் பணத்துக்குரிய வீதியும் விளக்கும் கண்முன்னால் நிற்கும். எங்கள் ஒழுங்கையின் மதகு அடைத்து மாரி வெள்ளம் முற்றத்துக்குள் வந்தபோது, அந்தப் பற்றுச்சீட்டைப் பொலித்தீன் உறையில் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். அது உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் பணமில்லை என்று 2023 மார்ச்சில் நடக்காமற் போய், மன்றங்கள் கலைந்திருந்த காலம். "உறுப்பினர் ஒருத்தரும் இல்லை ஐயா, கடிதம் தந்திட்டுப் போங்க" என்றார் எழுதுவினைஞர். மரியாதையாகத்தான் சொன்னார். வரி கட்டும் யன்னல் மட்டும் வழமைபோல் திறந்திருந்தது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தலும் நடந்தது. இப்போது அந்த மதகைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார். மதகு இன்னும் துப்புரவாக்கப்படவில்லை, ஆனால் என்னைக் கண்டால் அவர் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டுகிறார். அதுவே ஒரு முன்னேற்றம்.

அம்மாவின் வட்டி விடயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகியது, ஆகவே வங்கி கழிப்பது சட்டப்படி சரி. ஆனால் வருட வருமானம் 18 லட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர், அதைச் சுய பிரகடனமாக எழுதிக் கொடுத்தால் வங்கி கழிக்காது. அம்மாவுக்கு மாதம் 13,000 என்றால் வருடத்துக்கு 1,56,000 ரூபாதான். வங்கிக் கிளையிலேயே படிவம் கேளுங்கள். அடையாள அட்டையையும் வைப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். ஒரு வரி ஆண்டுக்குக் கொடுத்தது அடுத்த ஆண்டுக்கும் செல்லும் என்று இருந்துவிடாமல், ஏப்ரலில் மறுபடியும் விசாரியுங்கள். இதுவரை கழித்ததை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கோரலாம்; அதற்குப் பொறுமை வேண்டும்.

வங்கிப் புத்தகத்தில் 1,300 என்று ஒரு வரி தனியாக அச்சாகி வந்ததால் அம்மா உங்களிடம் கேட்டிருக்கிறார், நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவர் வீட்டுச் சாமான் வாங்கி வரும்போது பட்டியலை வாங்கி, உள்ளே இருக்கும் வற்றையும் ஒரு முறை கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து