வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜேம்ஸ் ஹர்ஸ்ட் எழுதிய ‘தி ஸ்கார்லெட் ஐபிஸ்’ சிறுகதை என் மகளுக்குப் பாடமாக உள்ளது. அதில் அண்ணனின் பெருமிதத்தையும் குறியீடுகளையும் எப்படிப் படிப்பது?

பதில்: 1960-இல் ‘தி அட்லான்டிக்’ இதழில் வெளியான இக்கதையில், பலவீனமான இதயத்துடன் பிறந்த தம்பிக்கு அண்ணனே நடக்கக் கற்றுக்கொடுக்கிறான். தம்பி நடந்து காட்டியதும் வீட்டார் அண்ணனைக் கட்டித் தழுவ, நடக்க முடியாத தம்பி என்ற வெட்கம் தாங்காமல், தனக்காகவே அதைச் செய்தோம் என்பது தெரிந்ததால் அவன் அழுகிறான். கதையின் கரு அந்த அழுகையில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அவனே சொல்வதாகக் கதை அமைந்திருப்பதால், ஒவ்வொரு வரியிலும் குற்றவுணர்வு கசிகிறது.

தம்பியின் செல்லப்பெயரான ‘டூடுல்’, பின்னோக்கியே ஊரும் குழியானைப் பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவனும் குழந்தையில் பின்னோக்கியே தவழ்ந்தான். (நம் மணல்வெளியிலும் குழியானையைக் காணலாம், மகளுக்குக் காட்டுங்கள்.)

தன் வெப்பமண்டல வாழிடத்தை விட்டு வந்து, அவர்கள் வீட்டு மரத்திலிருந்து விழுந்து இறக்கும் ‘ஸ்கார்லெட் ஐபிஸ்’ எனும் செந்நிற அரிவாள் மூக்கன் பறவையைத் தம்பி தனியே புதைக்கிறான். அன்றே, அண்ணன் மழையில் விட்டுவிட்டு ஓடியதால், வாயிலிருந்து வழிந்த குருதியால் சட்டை சிவக்கத் தம்பி இறந்து கிடக்கிறான். பறவையின் வளைந்த கழுத்தையும் சிறுவனின் மெலிந்த கழுத்தையும் வருணிக்கும் இரு பத்திகளை அருகருகே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.