காராமணி வேர் முடிச்சும் யூரியாவும்

காராமணி இலைகள் வெளுக்கின்றன, யூரியா போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். யூரியா இப்போது வேண்டாம். தண்டையார்பேட்டை மாடியில் நீங்கள் வளர்க்கும் காராமணியின் வேரில் முடிச்சுகள் நிறைந்திருந்தும் இலைகள் வெளுக்கின்றன என்றால், அம்முடிச்சுகள் வேலை செய்யாமல் இருக்கக்கூடும்.

ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் அம்மோனியாவாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நிறத்தைத் தரும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் ஆக்சிஜனை அளவாகப் பிடித்து வைக்காவிட்டால், இம்மாற்றத்தைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதி செயலிழந்துவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்கவும் அதே ஆக்சிஜன்தான் தேவை. எத்தனை நுட்பமான ஏற்பாடு! இதற்கு ஈடாகச் செடி தன் சர்க்கரையைக் கொடுக்கிறது. யூரியாவிலிருந்து நைட்ரஜன் எளிதாகக் கிடைத்தால் செடி அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும், முடிச்சுகள் மேலும் சோர்ந்துவிடும்; அதனால்தான் யூரியா வேண்டாம் என்கிறேன்.

உள்ளே வெள்ளையாக இருந்தால், செடி வளரும் பையில் நீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காததையே முதலில் சந்தேகிப்பேன், வடிதுளைகளைச் சரிபாருங்கள். கடலோர ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரும் முடிச்சுகளை வலுவிழக்கச் செய்யும். அடுத்த விதைப்பில், ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைகளில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். வேரே வீங்கியிருந்தால் அது வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழுவின் தாக்குதல். அதற்கு ரைசோபியம் உதவாது.